எட்டு மடங்கு

அன்னூர் பஸ்ஸுக்குத்தானே நிற்கிறீர்கள்? அது இப்போது வராது. நாலரை மணி வண்டியைப் போன மாதத்தோடு நிறுத்திவிட்டார்கள். அதற்கும் ஒரு மனு எழுதிப் போட்டிருக்கிறேன். இனி ஐந்தே காலுக்குத்தான். உட்காருங்கள். அந்தப் பக்கம் வேண்டாம், காக்கை எச்சம். இப்படி வாருங்கள், என் பையை மடியில் வைத்துக்கொள்கிறேன்.

நான் பஸ்ஸுக்கு நிற்கவில்லை. ஐந்து மணிக்கு எதிரே அந்தக் கேட்டைத் திறப்பார்கள். செம்மலர் என்று ஒரு பெண் வெளியே வருவாள். அவளிடம் ஒரு கையெழுத்து வாங்க வேண்டும். மேல்முறையீட்டு மனு. நாளைதான் கடைசி நாள். அவள் கையெழுத்து இல்லாமல் அது செல்லாது. மனு போகாவிட்டால் எங்கள் பட்டறையில் இருக்கிற ஐந்து மெஷின்களையும் ஏலம் போட்டுவிடுவார்கள். பத்தொன்பது குடும்பத்துச் சோறு அது. போன் செய்தால் எடுப்பதில்லை. வீட்டுக்குப் போனால் அவள் அம்மா வெளியே வந்து, "இன்னும் வரலீங்களே" என்கிறாள். செம்மலரின் செருப்பு வாசலில் கிடக்கிறது. அதனால்தான் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறேன். பஸ் ஸ்டாப் பொதுச் சொத்து. இங்கிருந்து என்னை எவனும் எழுப்ப முடியாது.

என்னைத் தெரியும்தானே? நஞ்சப்பன். தோழர் நஞ்சப்பன். தெரியாதா? சொந்த ஊர் எது? பல்லடமா? பல்லடத்தில் எழுபத்தொன்பதில் பேசியிருக்கிறேன். மழை கொட்டுகிறது, ஒரு ஆள் கலையவில்லை. நீங்கள் அப்போது பிறந்திருக்கமாட்டீர்கள், விடுங்கள். நான் எட்டாம் வகுப்பு. மீதிப் படிப்பெல்லாம் துண்டுப் பிரசுரம். ஒரு பிரசுரத்தைப் பத்து முறை படிப்பேன். பதினோராவது முறை அதைவிட நன்றாக நானே எழுதுவேன்.

எதிரே இருக்கிற கம்பெனியின் பெயரை நான் வாயால் சொல்வதில்லை. முப்பத்தைந்து வருஷமாகச் சொல்லவில்லை. போர்டு பெரிதாகத்தான் வைத்திருக்கிறார்கள், படித்துக்கொள்ளுங்கள். அங்கே நான் பதினாறு வருஷம் வார்ப்படத்தில் வேலை பார்த்தேன். எண்பத்தொன்பதில் வேலைநிறுத்தம். இருநூற்றுப் பன்னிரண்டு பேரை நீக்கினார்கள். நீக்கிவிட்டு, அந்தக் கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு மேசையைப் போட்டு, அச்சடித்த தாளைக் கட்டுக்கட்டாக வைத்தார்கள். 'என் தவறுக்கு வருந்துகிறேன்.' கீழே கையெழுத்துப் போட்டால் உள்ளே போகலாம். அவ்வளவுதான். நான் எதிரே நின்றேன். இதே இடம்தான், அப்போது இந்தக் கூரை கிடையாது. ஒருத்தனைப் போகவிடவில்லை. மன்னிப்புக் கடிதம் எழுதினவன் அதற்குப் பிறகு எதையும் எழுத முடியாது. இதை நான் ஆயிரம் கேட் மீட்டிங்கில் சொல்லியிருப்பேன்.

செம்மலரின் அப்பா மருதாசலம் ஒரு நாள் அந்த மேசையைப் பார்த்து நடந்தான். மூன்றாவது மாதம். வீட்டில் அவன் பெண்டாட்டி முழுகாமல் இருந்தாள். நான் ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்து வந்தேன். தோள்பட்டையில் கிழிந்துவிட்டது. மறுநாள் நானே ஒரு சட்டை எடுத்துக் கொடுத்தேன். பிறகு அவன் தேங்காய் மண்டியில் பன்னிரண்டு வருஷம் மூட்டை சுமந்தான். மண்டியிலேயே விழுந்து செத்தான். மன்னிப்புக் கேட்காமல் செத்தான். எத்தனை பேருக்குக் கிடைக்கும் அந்தச் சாவு? இரங்கல் கூட்டத்தில் முக்கால் மணி நேரம் பேசினேன். அவன் பிள்ளைக்குப் பெயர் வைத்ததும் நான்தான்.

கேஸ் முடிந்து நஷ்டஈடு என்று கொஞ்சம் வந்தது. அதைப் போட்டு, எஞ்சியிருந்தவர்கள் சேர்ந்து கணபதிப் பக்கம் ஒரு பட்டறை ஆரம்பித்தோம். கூட்டுறவு. முதலாளி கிடையாது. வால்வு செய்கிறோம். குழாயில் போவதைத் திறக்கவும் மூடவும் இருக்கிறதே, அதுதான். செம்மலர் டிப்ளமோ முடித்துவிட்டு வந்து பட்டறையைக் கையில் எடுத்தாள். கெட்டிக்காரி. ஏற்றுமதி லைசென்ஸ் அவள் பெயரில். நான் தலைவர். வெளியே போகிற எந்தக் கடிதத்திலும் தலைவர் கையெழுத்தும் முத்திரையும் இருக்க வேண்டும் என்று விதி. விதியை எழுதியது நான்தான். முத்திரை இந்தப் பையில்தான் இருக்கும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கேட்கிறீர்களா? சரி.

ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் எதிரே இருக்கிறவர்கள் ஒரு தப்புச் செய்தார்கள். டெல்லியில் ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். சில சாமான்கள் சோப்புக் கம்பெனிக்கும் ஆகும், விஷவாயு செய்கிறவனுக்கும் ஆகும். அப்படிப்பட்டதை வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டுமென்றால் முதலில் அனுமதி வாங்க வேண்டும். இவர்கள் வாங்காமல், சண்டை நடக்கிற ஒரு நாட்டுக்குப் பம்ப் அனுப்பினார்கள். பிடிபட்டார்கள். ஜெயில் இல்லை, வழக்கு இல்லை, அபராதம் மட்டும். பேப்பரில் நாலு வரி வந்தது. காலையில் நோட்டீஸ் போனது, மத்தியானம் பணத்தைக் கட்டிவிட்டு முதலாளி கிளப்புக்குச் சீட்டாடப் போய்விட்டான்.

நான் சும்மா இருப்பேனா? 'அபராதமா, அன்பளிப்பா?' என்று எட்டுப் பக்கப் பிரசுரம். மூவாயிரம் பிரதி. அதில் ஒரு வரி எழுதினேன், இன்றைக்கும் எனக்கு மனப்பாடம்: 'முதுகெலும்பை முறிக்காத அபராதம், முதலாளிக்குக் கொடுக்கும் ரசீது.' சரக்கு மதிப்பில் எட்டு மடங்கு போடு என்று கேட்டேன். சின்னவன் பெரியவன் என்று பார்க்காதே, தெரியாமல் செய்தேன் என்று எவன் சொன்னாலும் நம்பாதே என்று கேட்டேன். ஆறாயிரம் கையெழுத்து வாங்கி டெல்லிக்கு அனுப்பினேன். 'தங்கள் கடிதம் பெறப்பட்டது' என்று பதில் வந்தது. லேமினேட் செய்து வைத்திருக்கிறேன்.

நாலு வருஷம் கழித்து உயர்த்தினார்கள். எத்தனை மடங்கு என்று நினைக்கிறீர்கள்? எட்டு. சரியாக எட்டு. பட்டறையில் எல்லாருக்கும் தேன்மிட்டாய் கொடுத்தேன். செம்மலர் மட்டும், "மத்த நாட்டுலயும் ஏத்திட்டுத்தான் இருக்கறாங்களாமா பெரியப்பா, அதனாலயா இருக்கும்" என்றாள். சின்னப் பிள்ளை, போராட்டத்தின் பலன் அதற்கு எங்கே தெரியும். இன்றைக்கு எதிரே பயந்துபோய்க் கிடக்கிறார்கள். அனுப்புகிற ஒவ்வொரு சாமானையும் அந்தப் பட்டியலோடு ஒத்துப் பார்ப்பதற்கென்றே கண்ணாடி அறை போட்டு ஆறு பேரைச் சம்பளத்துக்கு வைத்திருக்கிறார்கள். அந்தப் பயத்தை உண்டாக்கியது யார்?

அதற்கு அடுத்த வருஷம் துபாயில் ஒரு வியாபாரி எங்களிடம் அறுபது வால்வு கேட்டான். எப்போதும் உள்பக்கம் ரப்பர் வைத்துத்தான் கொடுப்போம். இந்த முறை ரப்பர் வேண்டாம், டெஃப்ளான் வை என்றான். வைத்தோம், அனுப்பினோம். ரப்பர் வைத்தால் பட்டியலில் இல்லை, டெஃப்ளான் வைத்தால் இருக்கிறது. எங்களில் யாருக்கும் தெரியாது. நாலு மாதம் கழித்துச் சிறுதொழில் சங்கத்தில் ஏதோ வகுப்பு என்று செம்மலர் போனாள். போனவள் முகம் வெளுத்துத் திரும்பி வந்தாள்.

"பெரியப்பா, ஒரு தப்பு நடந்து போச்சுங்க."

"யாரு பண்ணுனது?"

"நாமதானுங்க."

எல்லாவற்றையும் சொன்னாள். கையில் ஒரு கடிதம், எழுதியே கொண்டு வந்திருந்தாள். "அவங்களாக் கண்டுபுடிச்சா எட்டு மடங்குங்க. நாமளாப் போயி முந்திச் சொல்லிட்டா எச்சரிக்கையோட விட்டுருவாங்களாமா. நெறையப் பேரு அப்படித்தான் செய்யறாங்க. நீங்க ஒரு கையெழுத்துப் போட்டு முத்திரை மட்டும் வெச்சுக் குடுங்க."

"என்ன எழுதியிருக்கற? படி, கேக்கலாம்."

இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் சொன்னாள். 'அறியாமல் நேர்ந்த தவறுக்கு வருந்துகிறோம்.'

 அதே வார்த்தை. அந்த மேசையில் இருந்த அதே வார்த்தை.

"வருந்தறமா? யாரு வருந்தறது?"

"வெறும் காயிதந்தானுங்க பெரியப்பா."

"உங்கொப்பன் முன்னாடி நீட்டுனதும் வெறும் காயிதந்தான் கண்ணு."

லேத்தில் நின்ற காளியப்பன் மெஷினை நிறுத்திவிட்டு வந்தான். அவனுக்கு எதிலும் விளையாட்டு. "ஏனுங் தோழரே, வருந்தறதுக்கு ஆளு வேணும்னா என்ற பேரப் போட்டுக்கங்க. கண்ணாலம் ஆன நாள்ல இருந்து நானு தெனமும் வருந்திட்டுத்தான் இருக்கறேன். இன்னொண்ணு சேந்தாப் பாரமா?" எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அன்று சாயங்காலமே பொதுக்குழுவைக் கூட்டினேன். ஒரு மணி நேரம் பேசினேன். எண்பத்தொன்பதைச் சொன்னேன், மருதாசலத்தைச் சொன்னேன். அரசாங்கம் முதலாளிக்குப் போட்ட சட்டம் இது, தொழிலாளி மேல் எப்படிப் பாயும் என்று கேட்டேன். யாராவது எதிர்க்கிறீர்களா என்றேன். எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். 'கடிதம் எழுதுவதில்லை என ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது' என்று மினிட் புத்தகத்தில் எழுதினேன். செம்மலரின் கடிதத்தை நாலாகக் கிழித்தேன்.

அவள் துண்டுகளைப் பொறுக்கினாள். பொறுக்கிக்கொண்டே சொன்னாள்: "எங்கப்பன் சட்டையக் கிழிச்சீங்க, புதுச்சட்டை வாங்கிக் குடுத்தீங்க. இதுக்கு என்னத்தை வாங்கிக் குடுப்பீங்க பெரியப்பா?"

அந்தச் சட்டையை அவள் ஞாபகம் வைத்திருக்கிறாள், பாருங்கள். அவள் பிறப்பதற்கு முன்னால் நடந்தது. வரலாற்றை அம்மா சொல்லி வளர்த்திருக்கிறாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

ஏழு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. பார்த்தாயா என்று நான் அவளிடம் இரண்டு மூன்று முறை சொன்னேன். பிறகு ஒரு கார் வந்தது. இரண்டு அதிகாரிகள். மரியாதையான ஆட்கள், டீ குடித்தார்கள், டம்ளரைக் கழுவிக்கூட வைத்தார்கள். துபாயில் இறங்கிய வால்வு அங்கே நிற்கவில்லையாம், வேறெங்கோ போய்விட்டதாம். ஃபைலையெல்லாம் எடுத்துக்கொண்டு போனார்கள். அப்புறம் நோட்டீஸ். டெல்லிக்கு விசாரணைக்கு வா என்று.

வக்கீல் வேண்டாம், நானே பேசுகிறேன் என்றேன். லேபர் கோர்ட்டில் நான் பேசாத பேச்சா? செம்மலரும் வந்தாள். அங்கே உட்கார்ந்திருந்த அதிகாரி நம் திருநெல்வேலிப் பக்கத்து ஆள். நல்ல மனுஷன். நான் இருபது நிமிஷம் பேசினேன், குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. வல்லரசு யுத்தங்களைப் பற்றி, சிறுதொழிலைப் பற்றி. முடித்த பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்.

"ஐயா, ஒண்ணே ஒண்ணு. எங்க நோட்டீஸ் வரதுக்கு முன்னாடி இது பட்டியல்ல இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா? தெரியாதுன்னா தெரியாதுன்னு சொல்லுங்க. அது போதும் எனக்கு."

செம்மலர் மேசைக்கு அடியில் என் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள்.

தெரியாது என்று சொல்வதா? ஒன்றும் தெரியாத தற்குறிகள், பாவம், விட்டுவிடு என்று நிற்பதா? எனக்குப் பொறுக்கவில்லை.

"தெரியும்," என்றேன். "ஏழு மாசம் முந்தியே தெரியும். பொதுக்குழு கூட்டி விவாதிச்சு, சொல்றதில்லைன்னு ஒருமனதா முடிவெடுத்தோம். ஆதாரம் இருக்குது." மினிட் புத்தகத்தை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

அவர் அதைப் பிரித்துப் படித்தார். இரண்டாவது முறையும் படித்தார். பிறகு என்னைப் பார்க்காமல் செம்மலரைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

எட்டு மடங்கு. சரக்கு ஏழு லட்சம், அபராதம் ஐம்பத்தாறு லட்சம். தெரிந்தே செய்ததால் ஒரு பைசா குறைக்க வழியில்லை என்று எழுதினார்கள். பட்டறைக்குச் சீல் வைத்தார்கள். நான் கேட்டதைத்தான் கொடுத்தார்கள் என்று கொடிசியா சிறுதொழில் சங்கத்தில் ஒருத்தன் மேடையில் கேலி பேசினானாம். அவனுக்கு என்ன தெரியும்? சட்டம் சரியான சட்டம். அதை ஆள் மாற்றிப் போட்டுவிட்டார்கள். அவ்வளவுதான்.

ரயிலில் நாக்பூர் வரை செம்மலர் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள். நாக்பூரில் ஆரஞ்சு வாங்கி உரித்து, நாரெல்லாம் எடுத்து, "சாப்புடுங்க பெரியப்பா" என்று கொடுத்தாள். அவளுக்கு என்மேல் கோபமில்லை என்று அப்போதே தெரிந்துகொண்டேன்.

பட்டறை மூடியதும் ஆளாளுக்குப் பிரிந்தார்கள். காளியப்பன் ஏ.டி.எம். வாசலில் செக்யூரிட்டி. இவள்... எதிரே போய்ச் சேர்ந்துவிட்டாள். ஆமாம், அந்தக் கண்ணாடி அறையில்தான். பட்டியல் அவளுக்கு மனப்பாடமாகத் தெரிகிறது என்று கூப்பிட்டுக் கொடுத்தார்களாம். அவள் அப்பனை வெளியே தள்ளிய கேட்டில் தினமும் விரலை வைத்துவிட்டு உள்ளே போகிறாள். இருக்கட்டும். வயிறு இருக்கிறதே. நான் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கமாட்டேன். கையெழுத்து மட்டும் போட்டால் போதும். மனுவைப் பாருங்கள், பதினான்கு பக்கம். நானே எழுதினேன். இதைப் படித்தால் எந்த நீதிபதியும்...

மணி அடித்துவிட்டது. வருகிறார்கள். இந்தப் பையைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள். வந்துவிடுகிறேன்.

*

வந்துவிட்டேன். பார்த்தீர்களா அவளை? பச்சைச் சுடிதார். ஒளிந்து போவாள் என்று நினைத்தேன். நேராக என்னைப் பார்த்து வந்தாள்.

"வெயில்ல எதுக்குங்க பெரியப்பா நிக்கறீங்க? சாப்புட்டீங்களா?" என்றாள். மனுவை நீட்டினேன். வாங்கவில்லை. "அது வேண்டாமுங்க. முடிஞ்சு போச்சு" என்றாள். பைக்குள் இருந்து இந்தக் கவரை எடுத்துக் கொடுத்தாள். "காளியப்பண்ணங்கிட்டச் சொல்லிட்டனுங்க. திங்கக்கெழமை சீல் பிரிச்சுருவாங்க. மெஷின் எங்கயும் போகாது. நீங்களும் வந்து உக்காருங்க, ஆனா முத்திரை வேண்டாமுங்க." கம்பெனி வண்டி ஹாரன் அடித்தது. போய்விட்டாள். ஐம்பத்தாறு லட்சத்தை யார் கட்டினார்கள்? எப்படிச் சீல் பிரிப்பார்கள்? கேட்பதற்குள் ஏறிவிட்டாள்.

உங்களுக்கு இங்கிலீஷ் தெரியும்தானே? எனக்கு எழுத்துக் கூட்டத் தெரியும், அர்த்தம் பிடிபடாது. கொஞ்சம் படித்துச் சொல்லுங்கள். மெதுவாக.

'மறைந்த மருதாசலத்தின் மகள் செம்மலராகிய நான்.' சரி. 'அறுபது வால்வுகளும் என் பொறுப்பில் அனுப்பப்பட்டவை.' ம்ம். மேலே படியுங்கள்.

என்ன? மறுபடி சொல்லுங்கள்.

'பட்டியலில் இருப்பது தெரிந்தும் தெரிவிக்காமல் விட்ட முடிவு என்னுடையது மட்டுமே. மினிட் புத்தகத்தில் உள்ளது நான் சொல்லி எழுதப்பட்டது. மற்ற உறுப்பினர் எவருக்கும் இதில் பங்கில்லை. என் தவறுக்கு வருந்துகிறேன்.'

எழுதிவிட்டாள். எழுதியே விட்டாள்.

இதன் கீழே என்ன? டெல்லிக்காரர்கள் பதிலா? ஒருவரே பொறுப்பேற்று வருந்தியதால் எட்டு மடங்கை ஒரு மடங்காகக் குறைத்து... ஏழு லட்சம், அவள் சம்பளத்தில் ஏழு வருஷம் பிடித்துக்கொள்வார்கள். அவள் இனி தன் பெயரில் எதையும் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. மெஷின்களை விடுவிக்கலாம். அவ்வளவுதானா?

பொய். முழுப் பொய். அவள் சொல்லி நான் எழுதினேனா? அவள் சொல்லி நான் என்றைக்கு ஒரு எழுத்து எழுதியிருக்கிறேன்? அவள் எழுதலாம் என்றாள். நான்தான் கிழித்தேன். பத்தொன்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த முடிவு என்னுடையது. ஐம்பது வருஷத்தில் நான் எடுத்த முடிவுக்கு இன்னொருத்தர் பெயர் போட்டதில்லை. அவள் யார் அதை எடுத்துக்கொள்ள? அவள் என்ன தவறு செய்தாள் வருந்துவதற்கு? அவள் ஒன்றுமே...

இல்லை. நான் சொல்ல வந்தது அதில்லை.

நன்றாகப் பாருங்கள். என் பெயர் எங்காவது இருக்கிறதா? தலைவர் என்றாவது? இரண்டாவது பக்கத்தில்? அடியில் சின்ன எழுத்தில் ஏதோ இருக்கிறதே? ஓ, அது அவர்கள் விலாசமா.

உங்கள் பஸ் வருகிறது. பேனா வைத்திருக்கிறீர்களா? அந்த முடிவு என்று வருகிற வரிக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் இருக்கிறது பாருங்கள். அங்கே என் பெயரை எழுதிவிட்டுப் போங்கள். நஞ்சப்பன், தலைவர் என்று. இங்கிலீஷிலேயே எழுதுங்கள், அவர்களுக்குப் புரிய வேண்டும். நான் ரோட்டில் இறங்கிக் கையைக் காட்டுகிறேன், டிரைவர் நிற்பான். எழுதுங்கள்.